ஒரு நிபந்தனைக்கு ஒரே பெயர்

சென்னையின் மேற்குப் புறநகரில் ஓர் ஊர் இருக்கிறது. சில பலகைகளில் அதன் பெயர் ‘பூந்தமல்லி’ என்றிருக்கும். வேறு சில பலகைகளில் ‘பூவிருந்தவல்லி’ என்றிருக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘பூனமல்லி’ என்று ஒலிக்கும்படி எழுதுவார்கள். மூன்றும் ஒரே ஊர்தான் என்பது அம்பத்தூரிலோ ஆவடியிலோ பேருந்துக்காகக் காத்து நிற்கும் பாட்டிக்குக்கூடத் தெரியும். பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் அவர் சரியான வண்டியில்தான் ஏறுவார்.

கணிப்பொறிக்கு அந்தப் பாட்டியின் அறிவு கிடையாது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் அது ஒரே பெயர் என்று கொள்ளும். ஒரு புள்ளி மாறினாலும், ஓர் அடிக்கோடு கூடினாலும், அதைப் பொறுத்தவரை அது வேறு பெயர், வேறு பொருள். அதே பொருளுக்கு நாம் இரண்டு பெயர் வைத்து எழுதிவிட்டால், கணிப்பொறி ஒன்றைச் செய்யும், மற்றதை விட்டுவிடும். விட்டுவிட்டேன் என்று நம்மிடம் சொல்லவும் செய்யாது.

சி மொழியில் எழுதப்பட்ட பெரிய நிரல்களில் இந்தக் குறை ஏராளமாக இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துத் தூய்மை செய்யும் வேலை, புதிய நிரல் எழுதும் வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இங்கே எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறேன். நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கடைசியில் முடிவு செய்யுங்கள்.

சைக்கிளும் கட்டளைத்தாளும்

அம்பத்தூர் என்றதும் பழைய தலைமுறையினருக்குச் சைக்கிள் நினைவுக்கு வரும். 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே இருந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களில் அங்கிருந்து வந்த சைக்கிள்கள் தமிழகமெங்கும் ஓடின. சைக்கிளில் ஆண்கள் மாதிரி, பெண்கள் மாதிரி என்று வகைகள் உண்டு அல்லவா? பெண்கள் மாதிரியில் குறுக்கே செல்லும் மேல்தண்டு இராது. புடவையோ தாவணியோ சிக்கிக்கொள்ளாதபடி பின்சக்கரத்தின் மேல் ஒரு காப்பு இருக்கும். மற்றப் பாகங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொது.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். இரு வகைக்கும் சேர்த்து ஒரே கட்டளைத்தாள் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்தில், ‘பெண்கள் சைக்கிள் எனில், மேல்தண்டை விட்டுவிடுக’ என்றிருக்கிறது. இருபதாம் பக்கத்தை வேறொருவர் எழுதினார். அவர், ‘லேடீஸ் மாடல் எனில், சக்கரக் காப்பை மாட்டுக’ என்று எழுதிவிட்டார். வேலை தெரிந்த தொழிலாளி இதைப் படித்தால் சிரித்துவிட்டுச் சரியாகவே செய்வார். ஆனால், சொன்னதை மட்டும் செய்யும் ஓர் இயந்திரத்திடம் இந்தத் தாளைக் கொடுத்து, ‘இன்று பெண்கள் சைக்கிள்’ என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? முதல் பக்கத்தின்படி மேல்தண்டு விடப்படும். இருபதாம் பக்கம் வரும்போது, ‘லேடீஸ் மாடலா? அப்படி யாரும் சொல்லவில்லையே’ என்று இயந்திரம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

சைக்கிள் பளபளவென்று வெளியே வரும். ஓடவும் ஓடும். சோதிப்பவர் ஏறி மிதித்துப் பார்த்தால் குறை தெரியாது. என்றோ ஒருநாள் தாவணி சக்கரத்தில் சிக்கும்போதுதான் குறை வெளிப்படும்.

சி மொழியில் இது எப்படி நடக்கிறது?

சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸ் இயக்க முறைமையே இந்த மொழியில் திரும்ப எழுதப்பட்டது. ஒரு வகைக் கணிப்பொறிக்காக எழுதிய நிரலை வேறு வகைக் கணிப்பொறியிலும் ஓட்டலாம் என்ற பெரும் வசதி இதனால் கிடைத்தது. ஆனால் கணிப்பொறிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஓர் எண்ணை எத்தனை பிட்களில் வைப்பது, நினைவகத்தில் எந்த முனையிலிருந்து எழுதுவது, விசைப்பலகையை எப்படிப் படிப்பது என்பவற்றில் ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு.

எனவே, சி மொழியின் கம்பைலர், அதாவது நாம் எழுதிய மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் நிரல், வேலையைத் தொடங்குமுன் ஒரு முன்செயலி அந்த மூலநிரலை ஒருமுறை வாசித்துத் தயார் செய்கிறது. முதலில் இந்த முன்செயலி மிக எளியதாக இருந்தது. பின்னர் மைக் லெஸ்க், ஜான் ரைசர் ஆகியோர் அதை விரிவாக்கியபோது, நிபந்தனை வைக்கும் வசதியும் அதில் சேர்ந்தது. நமது சைக்கிள் உதாரணத்தை அதன் பாணியில் எழுதினால் இப்படி இருக்கும்:

#இஃப்டெஃப் பெண்கள்_சைக்கிள்
காப்பு_மாட்டு();
#எண்டிஃப்

‘பெண்கள்_சைக்கிள்’ என்ற பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால், நடுவில் உள்ள வரியை வைத்துக்கொள்; இல்லையென்றால் அதை நீக்கிவிடு என்பது இதன் பொருள். இப்படி வரையறுக்கப்படும் பெயரை ‘மேக்ரோ’ என்பார்கள். ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். நீக்கப்பட்ட வரியைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. அதில் எழுத்துப்பிழை இருக்கலாம். இல்லாத ஒன்றை அழைத்திருக்கலாம். எதுவும் அதற்குத் தெரியாது. நிபந்தனையில் உள்ள பெயரையே நாம் தவறாக எழுதியிருந்தாலும், ‘அப்படி ஒரு பெயர் வரையறுக்கப்படவில்லை’ என்று எடுத்துக்கொண்டு மௌனமாக அப்பால் சென்றுவிடும். சாதாரண மாறியின் பெயரைத் தவறாக எழுதினால் கம்பைலர் உடனே கூச்சலிடும். மேக்ரோவின் பெயரில் தவறினால் சத்தமே வராது. குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

குழப்பம் எத்தனை வகை!

முதல் வகை, ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். விண்டோஸ் கணிப்பொறியா என்று கேட்பதற்குச் சிலர் ‘வின்32’ என்று எழுதுகிறார்கள். சிலர் முன்னால் ஓர் அடிக்கோடு சேர்த்து ‘_வின்32’ என்று எழுதுகிறார்கள். அடிக்கோடு உள்ளதைக் கம்பைலரே வரையறுத்துத் தரும். அடிக்கோடு இல்லாததை வேறு யாராவது, எங்காவது வரையறுத்தால்தான் உண்டு. ஒரே நிரலில் இரண்டும் கலந்திருந்தால், சில கணிப்பொறிகளில் அந்த நிரலின் பாதி மட்டும் விண்டோஸுக்கு ஏற்றதாகவும் மறுபாதி வேறு எதற்கோ ஏற்றதாகவும் அமைந்துவிடும்.

இரண்டாம் வகை, ஒரே பெயரை இரண்டு விதமாகக் கேட்பது. ‘இஃப்டெஃப்’ என்றால் பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. ‘இஃப்’ என்றால் மதிப்பு சுழியா, சுழியல்லாததா என்று பார்க்கும். ஒருவர், ‘ஒலி வேண்டாம்’ என்று எண்ணி ‘ஒலி’ என்ற மேக்ரோவுக்கு 0 என்று மதிப்புக் கொடுக்கிறார். ‘இஃப்’ என்று கேட்ட இடத்தில் ஒலி நிற்கும். ‘இஃப்டெஃப்’ என்று கேட்ட இடத்தில் ஒலி வரும்! ஏனென்றால், 0 என்றாலும் பெயர் வரையறுக்கப்பட்டுத்தானே இருக்கிறது?

மூன்றாம் வகை, எதிர்மறைப் பெயர்கள். ‘ஒலி_இல்லை’ என்று ஒரு மேக்ரோ வைத்துவிட்டு, அது வரையறுக்கப்படவில்லையானால் என்று நிபந்தனை எழுதுவது. ‘ஒலி இல்லாமை இல்லையெனில்’ என்று படித்துப் பொருள் காண்பதற்குள் தலை சுற்றிவிடும்.

நான்காம் வகை, செத்த பெயர்கள். எப்போதோ இருந்த ஓர் இயந்திரத்துக்காக எழுதிய நிபந்தனை, அந்த இயந்திரம் உலகிலிருந்தே மறைந்த பிறகும் நிரலில் நின்றுகொண்டிருக்கும். அதை எடுத்துவிட யாருக்கும் துணிவு வருவதில்லை.

ஓசையில்லாத ஒரு பிழை

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு உள்ளே இருப்பது லினக்ஸ் கருநிரல். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயக்க முறைமைக்கும், உலகின் மிகப் பெரிய கணிப்பொறிகளுக்கும் அடிப்படை அதுவே. பலவகை இயந்திரங்களுக்கும் பொருந்த வேண்டியிருப்பதால், 10,000-க்கும் மேற்பட்ட தேர்வுகள் அந்தக் கருநிரலில் உள்ளன.

ஜெர்மனியின் எர்லாங்கன்–நூரம்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தேர்வுப் பெயர்களையும், மூலநிரலில் உள்ள நிபந்தனைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கருவியை உருவாக்கினார்கள். 2011-இல் வெளியான அவர்களது ஆய்வுக்கட்டுரையின்படி, கருவி கண்டுபிடித்த முரண்பாடுகள் 1,776. எந்த நிலையிலும் சேராத வரிகள், நிபந்தனை இருந்தும் எப்போதுமே சேர்ந்துவிடும் வரிகள், உண்மையான பிழைகள் என்று எல்லாம் அதில் இருந்தன. அவற்றுள் 364-ஐச் சரிசெய்ய அவர்கள் 123 திருத்தங்களை எழுதி அனுப்பினார்கள். அதுவரை எவரும் அறியாதிருந்த பிழைகள் 20 என்று லினக்ஸ் நிரலாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அவற்றில் ஒன்று நம் கட்டுரைக்கென்றே செய்தது போன்றது. சில கணிப்பொறிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு செயலியை விலக்கவும் சேர்க்கவும் முடியும். இதற்கான தேர்வின் பெயர் ‘கான்ஃபிக்_ஹாட்பிளக்_சிபியூ’. செயலியை விலக்கும்போது அதற்காக ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பித் தரவேண்டும். அதைச் செய்யும் வரிகளைச் சுற்றி ஒருவர் நிபந்தனை எழுதினார். ஆனால் அவர் எழுதிய பெயர் ‘கான்ஃபிக்_சிபியூ_ஹாட்பிளக்’. சொற்கள் சரி, வரிசைதான் மாறிப்போயிற்று!

அப்படி ஒரு தேர்வு எங்குமே கிடையாது. ஆகவே நினைவகத்தைத் திருப்பித் தரும் வரிகள் ஒரு கணிப்பொறிக்குள்ளும் நுழையவில்லை. வாசித்தவர்களின் கண்ணிலும் தவறு படவில்லை; நமது பேருந்துப் பாட்டியைப் போலவே அவர்களும் பொருளைப் புரிந்துகொண்டு மேலே போய்விட்டார்கள். மனித அறிவின் வலிமையே இங்கே குறையாகிவிட்டது. இரண்டு சொற்களை இடம் மாற்றியதும் பிழை தீர்ந்தது.

சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு நிரலில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தால், அந்த நிரலுக்கு இரண்டு வடிவங்கள். இரண்டு நிபந்தனைகள் இருந்தால் நான்கு. பத்து இருந்தால் 1,024. இருபது இருந்தால் பத்து லட்சத்துக்கு மேல். ஒன்றையொன்று சாராத 33 நிபந்தனைகள் இருந்தால், சுமார் 859 கோடி வடிவங்கள். உலகில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு தனி வடிவம் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

அத்தனை வடிவங்களையும் சோதிக்க யாராலும் முடியாது. எனவே, சோதனை ஒன்றையே நம்பியிருக்க இயலாது. நிபந்தனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், இருக்கிற நிபந்தனைகளை ஒழுங்காக வைப்பதுமே வழி. இரண்டு பெயர்களை ஒன்றாக்கினால் ஒரு நிபந்தனை குறைகிறது. நிபந்தனை ஒன்று குறைந்தால் வடிவங்கள் சரிபாதியாகின்றன. தூய்மை செய்வதன் பயன் எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிகிறதல்லவா?

தூய்மை செய்யும் முறை

இந்த வேலையை ஓர் அறிவியல் சோதனை போலவே படிப்படியாகச் செய்யலாம்.

முதலாவது, பட்டியல். நிரலில் உள்ள நிபந்தனைப் பெயர்கள் அனைத்தையும் திரட்டி அகர வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எங்கே வரையறுக்கப்படுகிறது, எங்கே கேட்கப்படுகிறது என்று இரண்டு பத்திகளில் குறியுங்கள். இரட்டைப் பிள்ளைகளைப் போன்ற பெயர்கள் அருகருகே வந்து நிற்கும். கேட்கப்படும், ஆனால் எங்கும் வரையறுக்கப்படாத பெயர்களும் அகப்படும்.

இரண்டாவது, விசாரணை. எங்கும் வரையறுக்கப்படவில்லை என்றதும் ஒரு பெயரைச் செத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில பெயர்களைக் கம்பைலரே தருகிறது. சில பெயர்களை, நிரலைத் தொகுக்கும்போது கட்டளை வரியில் சேர்த்துக் கொடுப்பார்கள். இந்த இரண்டு இடங்களையும் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஒரே பெயர், ஒரே இடம். எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவு செய்து, எல்லாப் பெயர்களையும் ஒரே தலைப்புக் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்துடன் எழுத வேண்டும். ‘வேண்டும்’ என்றால் 1, ‘வேண்டாம்’ என்றால் 0 என்று எப்போதும் ஒரு மதிப்புக் கொடுத்துவிட்டு, கேட்கும்போது ‘இஃப்’ என்றே கேட்பது நல்ல வழக்கம். இதில் ஓர் ஆதாயம் உண்டு. ஜிசிசி போன்ற கம்பைலர்களிடம், ‘வரையறுக்காத பெயரை இஃப் கேட்டால் எச்சரிக்கை செய்’ என்று சொல்லிவைக்கலாம். மௌனமாக இருந்த பிழை அதன் பிறகு வாய்திறந்து பேசும்.

நான்காவது, சரிபார்ப்பு. வெறும் பெயரை மட்டும் மாற்றினால், கம்பைலர் தரும் இயந்திர நிரல் மாறக் கூடாது. எனவே, மாற்றுவதற்கு முன்பு ஒருமுறை தொகுத்து வையுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை தொகுங்கள். வரி எண், நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் வசதிகளை நிறுத்திவிட்டு இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டால், எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் எங்கோ பொருளும் மாறியிருக்கிறது. அதை அலட்சியம் செய்யாமல் ஆராய வேண்டும். ஒருவேளை நீங்கள் பல நாள் ஒளிந்திருந்த பிழையைக் கண்டுபிடித்திருக்கலாம்.

நிபந்தனைகளை நிரலின் நடுவே தூவாமல் இருப்பது இன்னும் மேல். சி நியூஸ் என்ற நிரலை எழுதிய ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 1992-இலேயே இதை வற்புறுத்தினார்கள். கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறுபடும் பகுதிகளைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து, வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொண்டால், மற்ற நிரல் முழுவதும் நிபந்தனையின்றித் தெளிவாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். லினக்ஸ் நிரலாளர்களுக்கான எழுத்து விதிகளும் இதையே சொல்கின்றன.

“ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே!”

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அனுபவமுள்ள ஒருவர் தலையாட்டி மறுப்பார். ‘தம்பி, ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே’ என்பது தொழிற்கூடங்களில் வழங்கும் அறிவுரை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தவறான பெயரைத் திருத்தியதும், இதுவரை உறங்கிக் கிடந்த வரிகள் விழித்துக்கொள்ளும். அவை ஒருமுறைகூட ஓடிப் பார்க்காத வரிகள். சுற்றியுள்ள நிரல் இதற்குள் மாறியிருக்கும். விழித்ததும் அவை புதிய தொல்லை தரக்கூடும்.

ஆகவேதான், பெயர் மாற்றத்தையும் பொருள் மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாதீர்கள் என்கிறேன். பெயர்களை ஒன்றாக்குவது ஒரு திருத்தம். உறங்கும் வரிகளை எழுப்புவதா, எடுத்தெறிவதா என்பது மற்றொரு திருத்தம். அதற்குத் தனியே சோதனை வேண்டும். ஆனால் கை வைக்காமலே விட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது. சக்கரக் காப்பு இல்லாத சைக்கிளும் ஓடத்தான் செய்தது!

2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். இணையத்தில் இரகசியத் தகவல்களைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரும் பிழை வெளிப்பட்டது. ஒரு செய்தியின் நீளத்தைச் சரிபாராமல் விட்டதே அந்தப் பிழைக்குக் காரணம். நிபந்தனை மேக்ரோக்கள் அல்ல. ஆனால் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அந்த நிரலைத் திறந்து படித்தபோது, வி.எம்.எஸ்., பழைய மெக்கின்டாஷ், 16-பிட் விண்டோஸ் போன்ற அருகிப்போன, மறைந்துபோன முறைமைகளுக்கான நிபந்தனைகள் அதில் அடர்ந்து கிடந்தன. அவர்கள் அதிலிருந்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற தனிக் கிளையைத் தொடங்கி, முதல் வாரத்திலேயே 90,000-க்கும் மேற்பட்ட வரிகளை நீக்கினார்கள். நிரலை யாரும் படிக்க முடியாத புதராக வளரவிட்டால், பாம்பு இருப்பது தெரியாது என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

மறுபுறம், அவசரத் தூய்மையும் ஆகாது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் மாநிலத்தில் நடந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். தமிழில் சொல்வதுபோலவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை வெளிவந்தது. அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் அந்தப் பட்டியலில் இருந்தன. நோக்கம் நல்லதே. ஆனால் எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதில் கருத்து வேறுபாடுகள் எழ, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. விதியை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு பெயரை மாற்ற வேண்டும் என்பதை இது காட்டுகிறது. இல்லாவிட்டால், இரண்டு பெயர்களை ஒன்றாக்கப் போய் மூன்றாவது பெயர் ஒன்றை உண்டாக்கிவிடுவோம். நிரலிலும் அப்படியே. பழைய பெயரைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில காலம் அது செல்லும்படி விட்டு, ‘இனி இந்தப் பெயரை எழுதவும்’ என்று எச்சரிக்கை காட்டி, பின்னர் எடுத்துவிடுவதே முறை.

யார் செய்வது இந்த வேலையை?

இங்கேதான் எனக்கு மனக்குறை. தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற அம்பத்தூரில் இன்று மென்பொருள் அலுவலகங்களும் இருக்கின்றன. ஆவடியிலும் பூந்தமல்லியைச் சுற்றியும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அங்கெல்லாம் வேலைக்கோ படிப்பிற்கோ போகப்போகிறவர்கள் உங்களில் பலர். நீங்கள் கையில் எடுக்கப்போவது பெரும்பாலும் வெற்றுத்தாளாக இராது. வேறு யாரோ எழுதி, வேறு பலர் திருத்தி, பல ஆண்டுகள் ஓடிய நிரலாகவே இருக்கும். அதைப் படிக்கவும், ஒழுங்குபடுத்தவும், வேண்டாததை நீக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் பள்ளியில் நாம் எதற்கு மதிப்பெண் தருகிறோம்? புதிதாக எழுதிய நிரலுக்கு மட்டுமே தருகிறோம். நூறு வரிகளை எழுதியவனுக்குப் பாராட்டு; நூறு வரிகளை எண்பதாகக் குறைத்து, அதே விடையை வரவழைத்தவளுக்கு ஒன்றுமில்லை. இது நியாயமா? தமிழ்நாட்டில் 2018-இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், சி மொழியின் வழித்தோன்றலான சி++ இடம் பெற்றது. அப்படிப்பட்ட செய்முறை வகுப்பில் ஆண்டுக்கு ஒரு முறையாவது, ‘இதோ குழப்பமான ஒரு நிரல்; விடை மாறாமல் இதைத் தூய்மை செய்க’ என்று ஒரு பயிற்சி தரவேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வில் அதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும்.

கணிப்பொறி இல்லாத நண்பர்களும் இப்பயிற்சியைச் செய்யலாம். உங்கள் வகுப்பு வருகைப் பதிவேடு, நூலகப் பதிவேடு, ஆதார் அட்டை ஆகியவற்றில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும்; மற்றொன்றில் பின்னால் இருக்கும்; வேறொன்றில் தந்தை பெயர் முழுதாக நிற்கும். உதவித்தொகை விண்ணப்பத்தைப் பார்ப்பவர் மனிதராக இருந்தால், ஒரே ஆள்தான் என்று புரிந்துகொள்ளலாம். பார்ப்பது கணிப்பொறியாக இருந்தால்? வகுப்பில் நாற்பது பேருடைய பெயர்களையும் பட்டியலிட்டு, எத்தனை பேருக்கு இரண்டு வடிவங்கள், எத்தனை பேருக்கு மூன்று என்று கணக்கெடுங்கள். பிறகு எந்த வடிவம் நிலைக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதியை எழுத முயலுங்கள். நாற்பது பேரும் ஒப்புக்கொள்ளும் விதியை எழுதுவது எளிதன்று என்பதை நீங்களே உணர்வீர்கள்.

லினக்ஸ் மூலநிரலுடன், இல்லாத தேர்வுப் பெயர்களைத் தேடிச் சொல்லும் சிறு நிரல் ஒன்றும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. உலகெங்கும் உள்ள பலர், சம்பளத்துக்காக மட்டுமன்றி, அதை ஓட்டிப் பார்த்து ஓரிரு வரித் திருத்தங்களை அனுப்பி வருகிறார்கள். உங்களில் ஒருவர் பத்தாண்டுகளுக்குப் பிறகு அப்படி ஒரு திருத்தத்தை அனுப்பலாம். இரண்டு சொற்களை இடம் மாற்றியதைத் தவிர அதில் வேறொன்றும் இராது. அது சிறிய வேலை என்று யாராவது சொன்னால், எத்தனை கணிப்பொறிகளில் அந்த வரி இதுவரை ஓடாமல் இருந்தது என்று அவரைக் கேளுங்கள்.